வளையம் வராத கிளி

கலியாண வீடோ பிறந்தநாளோ, நாங்கள் கூடுகிற இடங்களில் சாப்பாடு முடிந்து கதிரைகளை வட்டமாக இழுத்துப் போட்டவுடன் அந்தக் கதைகள் தொடங்கிவிடும். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பார்க்டேலில் ஒரு அறைக்குள் எத்தனை பேர் படுத்தோம், யாருடைய சப்பாத்தை யார் போட்டுக்கொண்டு போனோம், முதல் பனியில் எந்த மாமா குப்புற விழுந்தார். வயிறு நோகச் சிரிப்போம். ஆனால் பள்ளிக்கூடம் விட்டு வந்து, அம்மாமார் வேலையால் வரும்வரைக்கும் பூட்டின வீட்டுக்குள் என்ன செய்தோம் என்று மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. சொல்லக்கூடாது என்று அன்றைக்குப் பொத்தின வாய் இன்னும் பொத்தினபடியே இருக்கிறது. எனக்கும் உங்களுக்கும் தலை நரைத்துவிட்டது. இனி யார் வந்து எங்களைப் பிடித்துக்கொண்டு போகப் போகிறார்கள்? நான் சொல்கிறேன், கேளுங்கோ.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா கொழும்பில் நின்று, ‘இந்தா வாறன்’ என்று ரெலிபோனில் சொல்லிச் சொல்லியே வராமல் இருந்தார். அம்மாவுக்குத் தையல் பக்ரறியில் வேலை. மாமா, அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார்; உணவகம் ஒன்றில் கோப்பை கழுவினார். நான் பள்ளியால் வரும்போது அவர் போயிருப்பார். அம்மா வரும்போது வெளியே கறுப்பாக இருட்டியிருக்கும். அந்த இடைப்பட்ட நேரம்தான் என்னுடையது.

தமிழ்க்கடையில் யாரோ அம்மாவுக்குச் சொல்லியிருந்தார்கள்: பன்னிரண்டு வயதாகாத பிள்ளையைத் தனிய விட்டால் அரசாங்கம் வந்து பிள்ளையைப் பறித்துக்கொண்டுபோய் யாரோ வெள்ளைக்காரர் வீட்டில் விட்டுவிடும். சட்டம் சரியாக என்ன என்று யாரும் விசாரிக்கவில்லை. விசாரித்தால் ஏன் கேட்கிறாய் என்று திருப்பிக் கேட்பார்களே! கட்டடத்தில் கேட்பவர்களுக்கெல்லாம் ‘பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு அன்ரி வீட்ட போகும்’ என்று அம்மா சொல்லி வைத்திருந்தார். அப்படிப் பள்ளி விட்டுப் போகக்கூடிய தூரத்தில் எங்களுக்கு ஒரு அன்ரியும் இல்லை.

“ஆர் தட்டினாலும் திறக்கப்படாது. ரீவி போடப்படாது. தண்ணிப் பைப்பைத் திறக்காத. நடக்கேக்க காலைத் தூக்கி வை, தேய்க்காத. உன்ர மூச்சுக்கூட வெளியில கேக்கப்படாது, விளங்குதோ? கேட்டால் நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.”

ஓம் என்றேன். கக்கூசுக்குப் போனாலும் தண்ணீர் இழுக்காமல் விட்டுவிடுவேன், அம்மா வந்துதான் இழுப்பார். லைட் போடாமல் ஹீற்றர் ஓரமாகத் தரையில் உட்கார்ந்து, ஆறின புட்டைக் கையாலே உதிர்த்துச் சாப்பிடுவேன். கரண்டி கோப்பையில் பட்டால் சத்தம் கேட்கும். பக்கத்து வீடுகளிலிருந்து வருகிற பொரியல் மணம், முட்டைக்கோவா அவிகிற மணம், மற்றப் பிள்ளைகள் படிக்கட்டில் ஓடுகிற சத்தம் எல்லாம் கதவுக்குக் கீழால் உள்ளே வரும். எங்கள் வீட்டிலிருந்து மட்டும் ஒன்றும் வெளியே போகாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா அந்தக் கூட்டோடு வந்தார். அவரோடு வேலை செய்த ஒருவர் வேறு ஊருக்குப் போகிறாராம், வைத்துக்கொள் என்று கொடுத்துவிட்டாராம். உள்ளே பச்சை நிறத்தில், என் உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவில் ஒரு கிளி. இறக்கை மடிப்பில் மஞ்சளாக ஒரு கீறல். நாடிக்குக் கீழே துருவின தேங்காய்ப்பூத் துகள் அளவுக்கு ஒரு செம்மஞ்சள் பொட்டு. வால் குட்டை.

“பிள்ளைக்குத் துணையாயிருக்கும் அக்கா” என்றார் மாமா.

“நல்ல கதை! இருக்கிற கரைச்சல் காணாதெண்டு வேலியால போன ஓணானைப் பிடிச்சு மடிக்குள்ள விட்டுக்கொண்டு வாறாய். உது கத்தினா என்ன செய்யிறது?”

“உது குஞ்சு அக்கா. குஞ்சு கத்தாது. வளர வளரக் கழுத்தில சிவப்பு வளையம் வரும், சொண்டு சிவக்கும். பிறகுதான் கதைக்கும். அதுக்குள்ள அத்தானும் வந்திடுவார்.”

மாமாவுக்குத் தெரிந்த கிளி ஒரே ஒரு சாதிதான். யாழ்ப்பாணத்தில் வீட்டு முன்விறாந்தையில் கூட்டுக்குள் இருந்து, கொச்சிக்காய் மிளகாய் தின்று, போகிறவர் வருகிறவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற கிளி. அந்த அளவுக்கு இல்லாத கிளி எல்லாம் அவருக்குக் குஞ்சு. ஆகவே அது வளரக் காத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா கூட்டைச் சன்னலருகே பிடித்து, தலையைச் சரித்துச் சரித்துக் கழுத்தைப் பார்ப்பார். “இஞ்ச பார், லேசாச் சிவக்குது” என்பார். ஒரு மண்ணும் சிவக்கவில்லை. கொச்சிக்காயை நீட்டுவார். அது பின்னால் போய்க் கம்பியோடு ஒட்டிக்கொள்ளும். “‘அம்மா’ சொல்லு, ‘அம்மா’ சொல்லு” என்று சொல்லிக் கொடுப்பார். அது கண்ணை மூடித் திறக்கும். வாழைப்பழத்தைக் கண்டால் மட்டும் முகம் முழுக்கப் பூசிக்கொண்டு தின்னும்.

அது கத்தாது என்ற கதையோ, கூடு வீட்டுக்கு வந்த அடுத்த நாளே பொய்த்துவிட்டது. நான் பள்ளியால் வந்து, சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மெல்லச் சாப்பாடு எடுக்கக் குசினிக்குள் போனேன். பின்னால் ‘கிரீச், கிரீச்’ என்று தொடங்கியது பாருங்கோ, எனக்கு ஈரல் கருகிவிட்டது. ஓடிவந்து கூட்டின் முன்னால் நின்றேன். நிறுத்திவிட்டது. மறுபடி குசினிக்குப் போனேன். மறுபடி கத்தியது. நாலைந்து தரம் இப்படி அலைந்த பிறகு, என்னை அறியாமல் குசினிக்குள் நின்றே நாக்கால் ‘டொக்’ என்றேன். அங்கிருந்து சின்னதாக ஒரு ‘கிர்’. அவ்வளவுதான், பேசாமல் இருந்துவிட்டது.

அதற்குச் சாப்பாடு வேண்டாம், விளையாட்டு வேண்டாம், நான் எங்கே நிற்கிறேன் என்று தெரிந்தால் போதும். பெரியவளான பிறகு இந்தப் பறவைகளைப் பற்றித் தேடி வாசித்தேன். தாழ்நிலத்து மழைக்காடுகளில் கூட்டமாக வாழ்கிறவை. இலைப் பச்சைக்குள் அவற்றின் பச்சை மறைந்துபோகும், பக்கத்துக் கொப்பில் இருந்தால்கூட ஒன்றையொன்று காண முடியாது. அதனால் நாள் முழுக்கக் கூப்பிட்டுக்கொண்டே இருக்குமாம்: நான் இங்கே, நீ எங்கே? நான் இங்கே, நீ எங்கே? ஒன்பது வயதில் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அது அப்படியே விளங்கியது. அந்த வீட்டில் நான் இருக்கிறேனா என்று கேட்டது அது ஒன்றுதான்.

இருட்டுகிற நேரம் மட்டும் நான் ‘டொக்’ சொன்னாலும் அடங்காது. கூட்டமாக இரவுக்கு ஒதுங்குகிற நேரமல்லவா? கூட்டின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குப் பாய்ந்து பாய்ந்து கத்தும். நான் அம்மாவின் சேலையால் கூட்டை மூடிவிட்டு, அதன்மேல் தலையை வைத்துக்கொண்டு, கடவுளே நிற்பாட்டு, நிற்பாட்டு என்று அழுவேன். சத்தம் வராமல் அழ எனக்கு நல்ல பழக்கம்.

எதிர்வீட்டில் ஒரு அன்ரி இருந்தார். தனியாள், வேலை முடித்து ஓய்விலிருந்தவர். பார்த்தால் எங்கள் ஆள் மாதிரியே இருப்பார். முதன்முதல் கண்டபோது அம்மா சந்தோசத்தில், “எந்த ஊர் அக்கா?” என்று கேட்டுவிட்டார். அவர் கயானாக்காரர். எந்தக் காலத்திலோ கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்களின் வழி. தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஆங்கிலத்தையும் இழுத்துப் பாடுகிற மாதிரிப் பேசுவார்.

ஒரு நாள் பின்னேரம் அவர் வந்து கதவைத் தட்டினார். அம்மா அப்போதுதான் வேலையால் வந்து கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். பெரிய ஆங்கிலம் வந்தால் அம்மா என்னை முன்னால் தள்ளிவிடுவார். எங்கள் வயதில் யார்தான் மொழிபெயர்க்கவில்லை? வங்கியில், டொக்டரிடம், வாடகைக் கந்தோரில், பெரியவர்களின் வெட்கத்தை எல்லாம் நாங்கள்தானே வாயில் போட்டு மாற்றிக் கொடுத்தோம்.

அன்ரி கூட்டைப் பார்த்த மாதிரியே நின்றார். முகம் அப்படியே இளகிவிட்டது. எங்கள் ஊர்க் காட்டில் இது கூட்டம் கூட்டமாகப் பறக்கும், இதன் சத்தத்தை இந்த நாட்டில் கேட்பேன் என்று நினைக்கவில்லை என்றார். மொழிபெயர்த்தேன். ‘குஞ்சு’ என்று அம்மா சொல்லச் சொன்னார், சொன்னேன். அன்ரி சிரித்துவிட்டார். குஞ்சா? இது முழுதாக வளர்ந்தது, இதற்கு மேல் ஒரு விரல்கூட வளராது, வளையமும் வராது, இதுவே குஞ்சு பொரித்திருக்கும் என்றார். அம்மா உள் அறையைத் திரும்பிப் பார்த்தார். மாமா இல்லாதது நல்லதாய்ப் போயிற்று.

பிறகு அன்ரி சிரிப்பதை நிறுத்தினார். ஒவ்வொரு நாளும் பின்னேரம் இது கத்துவது எனக்குக் கேட்கிறது, கேட்கக் கேட்க நெஞ்சு பதறுகிறது என்றார். இந்தச் சாதியைத் தனிய விட்டால் தன் இறகைத் தானே பிடுங்கிப் பிடுங்கிச் செத்துப்போகும் என்றார். அப்புறம் என் தலையில் கையை வைத்து, அம்மாவைப் பார்த்து ஒன்று சொன்னார்.

“என்னவாம்?” என்றார் அம்மா.

“பிள்ளைக்கெண்டால் போறதுக்கு அன்ரி வீடு இருக்குதாம். இதுக்கு ஆர் இருக்கினமாம் எண்டு கேக்கிறா.”

அம்மா என்னைப் பார்க்கவில்லை. கழற்றின கோட்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

“வேற?”

“நாள் முழுக்கத் தான் வீட்டிலதானாம். தனக்குத் தரட்டாம். உயிருள்ள ஒண்டையும் இப்பிடித் தனியப் பூட்டிவைக்கப்படாதாம். பாவமாம்.”

அதைத் தமிழில் சொல்லி முடிக்கும்போது என் குரல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. அம்மாவின் முகம் இப்போதும் நினைவில் இருக்கிறது. யாரோ தன்னைக் கன்னத்தில் அறைந்துவிட்டு, கூடவே ஒரு நன்மையும் செய்துவிட்ட மாதிரி நின்றார்.

“குடுக்கிறம் எண்டு சொல்லு. ‘தாங்க்யூ’ எண்டும் சொல்லு.”

சொன்னேன். அன்ரி கூட்டைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார். கிளி திரும்பித் திரும்பி என்னைப் பார்த்துக் கத்திக்கொண்டே போயிற்று. அன்றிரவு அம்மா எனக்குச் சோற்றைக் குழைத்து வாயில் தீத்திவிட்டார். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு. நான் வளர்ந்துவிட்டேன், தனிய இருப்பேன் என்று நம்பினார்கள். அது குஞ்சு, வளரும் என்று நம்பினார்கள். இரண்டும் பிழை. ஆனால் அம்மாவில் கோபிக்க என்னால் முடியவில்லை, இன்றைக்கும் முடியவில்லை. வேறு என்ன வழி இருந்தது அந்த மனிசிக்கு?

அதற்குப் பிறகுதான் அந்த வீடு உண்மையில் வெறுமையானது. முன்பு சத்தம் வந்துவிடுமோ என்று பயந்தேன். இப்போது சத்தம் இல்லாமல் பயந்தேன். குசினிக்குள் நின்று ‘டொக்’ என்பேன். ஹீற்றர் மட்டும் ‘உஸ்ஸ்’ என்று சொல்லும். இருட்டுகிற நேரம் எதிர்வீட்டில் அது கத்தத் தொடங்கும். நான் எங்கள் கதவடியில் படுத்து, அடி இடைவெளியில் காதை வைத்துக்கொள்வேன். அன்ரி அதோடு பேசுவது கேட்கும். பேசப் பேச அது அடங்கிவிடும். எனக்குப் பொறாமையாக இருக்கும். பிறகு, பொறாமைப்படுகிறேனே என்று வெட்கமாக இருக்கும்.

மார்கழியில் ஒரு நாள் பின்னேரம் கட்டடத்தின் நெருப்பு மணி அடித்தது. அந்த மணி அடிக்கடி அடிப்பதுதான், யாராவது பாண் துண்டைச் சுடப்போய்க் கருக்கிவிடுவார்கள். ஆனால் தனிய இருக்கும்போது எனக்கு அதுதான் முதல் தடவை. வெளியே கதவுகள் அடித்தன, படிக்கட்டில் ஆட்கள் இறங்குகிற சத்தம் கேட்டது. திறக்கக்கூடாது என்று அம்மா சொன்னதில் நெருப்புக்கு விதிவிலக்கு இருக்கவில்லை. கதவில் முதுகை வைத்து, காதுகளைப் பொத்திக்கொண்டு இருந்தேன். பொத்தின காதுக்குள்ளும் எதிர்க்கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அன்ரி கூட்டோடு வெளியே வருகிறார். கிளி மணிச் சத்தத்துக்கு வெருண்டு அலறியது. அது அலற, என் வாயிலிருந்தும் அதே அலறல் வந்துவிட்டது. தமிழுமில்லை, ஆங்கிலமுமில்லை. அதனுடைய சத்தம்.

அன்ரியின் செருப்புச் சத்தம் நின்றது. எங்கள் கதவருகே வந்து, உள்ளே நீதானா பிள்ளை என்று கேட்டார். நான் மூச்சுக் காட்டவில்லை. திற, கீழே போகவேண்டும் என்றார். திறக்கவில்லை. கதவில் உள்ளங்கையை வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, சரி, புகை மணம் ஒன்றும் இல்லை, நானும் போகவில்லை என்று சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கதவுக்கு அந்தப் பக்கம் அவர் முதுகு, இந்தப் பக்கம் என் முதுகு. எல்லாரும் இறங்கிப் போய்விட்டார்கள், அவர் இறங்கவில்லை.

நெருப்பணைக்கிறவர்களின் தடித்த உடுப்புச் சரசரக்க, பாரமான சப்பாத்தோடு ஒருவர் வந்தார். ஏன் இன்னும் இங்கே இருக்கிறீர்கள், இந்த வீட்டில் யாராவது உண்டா, ஏதோ கத்தினதே என்று கேட்டார். அன்ரி ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. என் கிளிதான் கத்தினது, எனக்கு முழங்கால் நோ, படி இறங்க முடியாது என்றார். அந்த ஆள் போய்விட்டார். மணியும் நின்றது.

அடுத்த நாளிலிருந்து, நான் வந்து பூட்டைப் போட்ட பிறகு, அன்ரி எங்கள் கதவருகே ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் கூட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் வாளியைக் கவிழ்த்து அதில் ஏறி, கதவுக் கண்ணாடித் துளையால் பார்ப்பேன். தோடம்பழம் உரித்துக் கிளிக்குக் கொடுப்பார். அதோடு பேசுவார். இன்றைக்குப் பனி கொட்டப் போகிறது, பயப்படாதே. பள்ளிக்கூடத்தில் பாடம் கடினமோ, பரவாயில்லை. கிளிக்கு என்ன பாடம்? என்னோடுதான் பேசுகிறார் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். கதவைத் திற என்று அவர் பிறகு ஒருபோதும் கேட்கவில்லை. நான் ‘டொக்’ என்பேன். கிளி ‘கிர்’ என்னும். அன்ரி தலையை ஆட்டுவார். அம்மா வருகிற நேரம் நெருங்கினால் கதிரையை உள்ளே எடுத்துவிடுவார். என் சின்ன வயதில் நான் ஆசையோடு வீட்டுக்கு ஓடி வந்த காலம் அதுதான்.

தை மாதம் பெரிய பனி கொட்டியது. பக்ரறியை நேரத்தோடு மூடிவிட்டார்கள். அம்மா எலிவேற்றரால் இறங்கினபோது, எங்கள் கதவுக்கு முன்னால் அன்ரி, கதிரை, கூடு. அன்ரி எழுந்து சிரித்தார். அம்மாவும் சிரித்தார். உள்ளே வந்து பூட்டைப் போட்டு, சங்கிலியைப் போட்டார். கோட்டில் இருந்த பனி உருகி ஒழுகிக்கொண்டிருக்க, கதவடியிலேயே நின்றார். வாளி இன்னும் கதவருகே கவிழ்ந்தபடி இருந்தது.

பனியால் மாமாவும் அன்றைக்கு வெள்ளென வந்துவிட்டார். அன்ரிக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று அம்மா சொன்னதைக் கேட்டுவிட்டு, “அக்கா, அந்த மனிசி தங்கமான மனிசி. பேசாம இருங்கோ” என்றார்.

“தங்கம் எண்டபடியாத்தானடா பயம். கெட்டவை தங்கட பாட்டில போவினம். நல்லவைதான் பிள்ளை பாவமெண்டு போய்ச் சொல்லிப்போடுவினம்.”

எனக்குப் பொறுக்கவில்லை. “அவ சொல்லமாட்டா அம்மா! அண்டைக்கு யூனிபோம் உடுப்புப் போட்ட ஆள் வந்து கேக்கவே, கிளிதான் கத்தினது எண்டு சொல்லிப்போட்டா” என்றேன். அன்ரியைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன்.

அம்மாவின் கை என் தோளை இறுக்கிப் பிடித்தது. “எண்டைக்கு? ஆர் வந்தது? என்ன உடுப்பு?”

நெருப்பு மணிக்கு வந்த ஆள் என்று சொல்லிச் சொல்லி அழுதேன். மாமாவும் சொன்னார். அம்மாவின் காதில் ஒன்றும் ஏறவில்லை. உடுப்புப் போட்டவர்கள் எங்கள் கதவடிக்கு வந்துவிட்டார்கள், அவருக்கு அது போதும். ஊரில் உடுப்புப் போட்டவர்கள் வீட்டுக்கு வந்து போன பிறகு என்ன நடந்தது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அம்மா மறந்ததுமில்லை.

கிழமை முடிவதற்குள், நகரத்தின் மறுமுனையில் மோர்னிங்சைட்டில் இருந்த அம்மாவின் ஒன்றுவிட்ட அக்காவோடு கதைத்து எல்லாம் முடிந்துவிட்டது. சனிக்கிழமை காலை யாரோ ஒருவரின் வானில் சாமான் ஏற்றினோம். கடைசியாக அம்மாவும் நானும் வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்தோம். எதிர்வீட்டுக்குள் கிளி என் காலடியைக் கேட்டுவிட்டது. கூப்பிட்டது. அம்மா பையைக் கீழே வைத்துவிட்டு, உள்ளங்கையால் என் வாயைப் பொத்தினார். நோகவில்லை. அப்படியே எலிவேற்றருக்குள் கொண்டுபோனார். கதவு மூடுகிறபோது அன்ரியின் கதவுப் பூட்டில் திறப்பு திரும்புகிற சத்தம் கேட்டது.

மோர்னிங்சைட் வீட்டில் ஏழெட்டுப் பேர் இருந்தோம். ரீவி ஓடிக்கொண்டே இருக்கும், குசினியில் யாராவது கத்திக் கதைப்பார்கள், பெரிய பிள்ளைகள் தங்களுக்குள் சண்டை பிடிப்பார்கள். போன அன்று பின்னேரம், இருட்டுகிற நேரம், எங்களுக்குத் தந்த அறையில் அம்மா தரையில் இருந்து உடுப்புப் பையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவர் முகம் தெளிந்திருந்தது.

“இனி ஒரு பயமுமில்லைப் பிள்ளை. இஞ்ச எப்பவும் ஆக்கள் இருப்பினம். நீ இனி ஆசைதீரச் சத்தம் போடலாம்.”

“ஆரைக் கூப்பிடுறது அம்மா?” என்று கேட்டேன்.

அம்மா பையின் அடுத்த முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார்.